இடிபாடும் தார்ச்சாலையும்



நெல்லிக்குப்பத்தில் என் பாட்டனார் கட்டிய வீட்டிற்கு நான்கு படிகள் இருந்தன. தெருவிலிருந்து அந்த நான்கு படிகளையும் ஏறித்தான் திண்ணையை அடைய வேண்டும். சிறுவனாயிருந்தபோது மூன்றாவது படியில் அமர்ந்துகொண்டு, சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்பு வண்டிகளை எண்ணுவது என் மாலைப் பொழுதின் வேலை. இன்று அந்த மூன்றாவது படி எங்கே என்று கேட்டால், சாலைக்கு அடியில் என்றுதான் விடை சொல்ல வேண்டும். நான்காவது படி தெருவோடு தெருவாகக் கிடக்கிறது. ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் நீர் நேரே திண்ணைக்கு வந்துவிடும். வீடு புதையவில்லை, சாலை உயர்ந்துவிட்டது.

தெருவுக்கு முதன்முதலில் தார் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது 1960களின் இறுதி. தெருவோரத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து சிறு சம்மட்டியால் கருங்கல்லை உடைப்பார்கள். உடைத்த ஜல்லியைப் பெட்டி வைத்து அளந்து கூலி கொடுப்பார்கள். பீப்பாயின் கீழ் விறகு எரியும், தார் கொதிக்கும். வாளியில் மொண்டு ஜல்லியின் மேல் ஊற்றிய பின்னர், பெரிய உருளை வண்டி மெல்ல ஊர்ந்து வரும். அதன்பின் எத்தனை முறை தார் போட்டார்கள் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் பழையதன் மேல் புதியதைப் போட்டார்கள் என்பது மட்டும் தெரியும். ஒரு முறைக்கு இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பது ஆண்டுகளில் மூன்று படிகள் மறைவதில் வியப்பொன்றும் இல்லை.

சாலை உயர உயர, அதற்கு வேண்டிய ஜல்லிக்காக எங்கோ ஒரு குன்று தாழ்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் ஆற்று வண்டலும், கேப்பர் மலையின் செம்மண்ணும் உண்டேயன்றிக் கருங்கற் பாறை இல்லை. விழுப்புரம் மாவட்டத்தின் திருவக்கரைப் பக்கத்துக் கல்லுடைக்கும் இடங்களிலிருந்துதான் டிப்பர் வண்டிகள் ஜல்லி சுமந்து வருகின்றன. அதே வேளையில், இங்கே வீடுகளை இடித்து மாடி கட்டுகிறவர்கள், இடித்த காங்கிரீட்டை என்ன செய்வதென்று அறியாமல் ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் கொட்டுகிறார்கள். ஒரு பக்கம் கல்லுக்குத் தட்டுப்பாடு. மறுபக்கம் கல்லைக் குப்பையென்று எறிகிறோம். எறிந்த கல்லைச் சாலைக்குப் பயன்படுத்தலாகாதா? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

இடித்த பொருளைப் பயன்படுத்துவது நமக்குப் புதிதன்று. எங்கள் பாட்டனார் காலத்து வீடு சுண்ணாம்புச் சாந்தினால் கட்டப்பட்டது. அத்தகைய வீட்டை இடித்தால் செங்கல் முழுதாகக் கழன்று வரும். சாந்தைத் தட்டிவிட்டு மறுபடி சுவரெழுப்பலாம். உடைந்த செங்கல்லை இன்னும் சிறிதாக உடைத்துச் சுண்ணாம்போடு கலந்து மொட்டைமாடித் தளம் போடுவார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்த்து, பெண்கள் வரிசையாக நின்று மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி அத்தளத்தை இறுக்குவார்கள். செங்கற்பொடியோ சுர்க்கியாகிச் சாந்தில் சேரும். உத்திரம், கதவு, நிலை, ஆணி வரை எதுவும் வீணாவதில்லை.

சிமெண்டுக் காங்கிரீட் வந்த பிறகு நிலைமை மாறிற்று. ஜல்லியும் மணலும் சிமெண்டும் ஒன்றாய் இறுகிப்போன கட்டியிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது. இன்று ஒரு கட்டடத்தை இடிக்கும் இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். கதவுக்கும் சன்னலுக்கும் ஆள் காத்திருப்பார். செங்கல்லை ஒருவர் கேட்பார். காங்கிரீட்டைச் சம்மட்டியால் பிளந்து, உள்ளிருக்கும் கம்பியை உருவி, நிமிர்த்தி, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவார்கள். எல்லாம் போன பிறகு எவரும் கேட்காமல் எஞ்சிக் கிடப்பது அந்தக் காங்கிரீட் ஒன்றுதான்.

அவ்வாறு எஞ்சியதை நானே ஒருமுறை தகாத இடத்தில் கொட்டச் செய்தேன். அதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்போது நான் எங்கள் ஊரையடுத்த ஒரு சிற்றூரில் தலைமையாசிரியனாக இருந்தேன். பள்ளியில் இரண்டு வகுப்பறைகளும் தாழ்வாரமுமாக ஒரு பழைய கட்டடம். கம்பி துருவேறிக் கூரையின் அடிப்பூச்சு முன்னரே உதிரத் தொடங்கியிருந்தது. புயலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் அதன்மேல் விழுந்து, எஞ்சிய ஐயத்தையும் தீர்த்துவிட்டது. 2012இல் கட்டடத்தை இடித்தார்கள். இடிபாட்டை எங்கே கொட்டுவதென்று வேலை எடுத்தவர் என்னைக் கேட்டார். பள்ளியை ஒட்டி ஒரு குட்டை இருந்தது. மழைக்காலத்தில் நிறையும், பங்குனிக்குள் வற்றும், இடையே பாசியும் கொசுவும். "அதோ, அந்தக் குட்டை வீணாகத்தானே கிடக்கிறது? கொட்டுங்கள், கொசுவாவது ஒழியும்" என்று கைகாட்டியவன் நான்தான். என்னை எவரும் வற்புறுத்தவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட இடம் கிடைத்தது என்று அன்று மகிழவும் செய்தேன்.

2015ஆம் ஆண்டு நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் பெய்த பெருமழையைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளியினுள் நீர் புகுந்தது. வகுப்பறைகளில் பெஞ்சின் இருக்கை வரை நின்றது. அலுவலக அறையின் கீழ்த்தட்டில் வைத்திருந்த மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் நனைந்து, தாளோடு தாள் ஒட்டிக்கொண்டன. நாற்பதாண்டுப் பெயர்கள் அவை. எத்தனையோ பேருக்குத் தாம் பிறந்த நாளை மெய்ப்பிக்க அந்த ஏட்டைத் தவிர வேறு சான்று கிடையாது. வெயில் வந்ததும் ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்தினோம். பாதிக்குமேல் படிக்க முடியவில்லை. அப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து நின்று பார்த்துவிட்டு, "குட்டை இருந்த இடத்துக்குத்தானே தண்ணீர் வந்திருக்கிறது, ஐயா" என்றார். அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பணி ஓய்வு பெற்ற பின்னர் அந்தக் குட்டையில் எவ்வளவு கொட்டினோம் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். பழக்கதோஷம், ஆசிரியனுக்கு எதையும் கணக்காக்கினால்தான் மனம் அமைதியுறும். கூரையின் நீளம் 60 அடி, அகலம் 20 அடி, கனம் 5 அங்குலம். பெருக்கினால் 500 கன அடி. நூறு கன அடியை ஒரு யூனிட் என்பது நம் ஜல்லி வியாபாரக் கணக்கு. ஆகவே கூரை மட்டும் 5 யூனிட். உத்திரங்களும் தூண்களும் சேர்ந்து இன்னும் 2 யூனிட் எனக் கொள்ளலாம். ஆக 7 யூனிட் காங்கிரீட். எட்டடி அகலமுள்ள ஒரு சந்துக்கு அரையடிக் கனத்தில் அடித்தளம் போட, ஓரடி நீளத்துக்கு 4 கன அடி வேண்டும். அப்படியானால் அந்தக் குட்டையில் கிடந்தது 175 அடிச் சாலை! உடைத்த கல் குவியலாய் இருக்கும்போது அளவு கூடும். உருளையால் அமுக்கினால் குறையும். இருப்பினும் கணக்கு பெரிதும் பிழைபடாது.

நெடுஞ்சாலைப் பணியில் பொறியாளராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் 2019ஆம் ஆண்டுக் கோடையில் என்னைப் பார்க்க வந்தார். இந்தக் கணக்கை அவரிடம் காட்டினேன். "இதை உடைத்துத் தாரோடு கலந்து சாலை போட்டால் என்ன, தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "போடலாம், ஐயா. ஆனால் அது தாரைக் குடித்துவிடும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "நீங்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே சோதித்துப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோதித்தேன். இதை நேயர்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். கருங்கல் ஜல்லியில் ஒரு கிலோ. குட்டையிலிருந்து எடுத்து, அதே அளவிற்கு உடைத்த காங்கிரீட் துண்டுகளில் ஒரு கிலோ. இரண்டையும் மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, தெருமுனை மளிகைக் கடையின் மின்தராசில் நிறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் முழுவதும் தனித்தனி வாளியில் ஊறவைத்தேன். மறுநாள் எடுத்து, ஈரம் மேலே தெரியாதபடி துணியால் துடைத்து மீண்டும் நிறுத்தேன். கருங்கல் 1,006 கிராம் காட்டியது. காங்கிரீட் 1,054 கிராம்! கடைக்காரர் தராசில் ஏதோ கோளாறு என்று எண்ணி இன்னொரு முறை நிறுத்தார். தராசில் கோளாறில்லை.

காரணம் இதுதான். காங்கிரீட்டை உடைக்கும்போது உள்ளிருக்கும் கருங்கல் தனியே வருவதில்லை. பழைய சாந்து அதன்மேல் ஓடு போல ஒட்டிக்கொண்டே வருகிறது. அந்தச் சாந்து நுண்துளைகள் நிறைந்தது. கருங்கல் நூற்றுக்கு ஒரு பங்கு நீரைக்கூட உறிஞ்சாத இடத்தில், சாந்து ஒட்டிய கல் நூற்றுக்கு ஐந்து பங்கு உறிஞ்சிவிடுகிறது. தார்க்கலவைக்கு எடுக்கும் ஜல்லி 2 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சலாகாது என்பது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சின் விதி. நீரைக் குடிக்கும் துளை தாரையும் குடிக்கும். நூறு கிலோ கலவைக்கு ஐந்து கிலோ தார் போதுமாயிருந்த இடத்தில் ஐந்தரையோ ஆறோ வேண்டியிருக்கும். தார் விலை உயர்ந்த பொருள். ஜல்லியில் மிச்சம் பிடித்ததைத் தாரில் இழந்துவிட நேரலாம்.

தார் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது பற்றி இங்கே ஒரு வார்த்தை. உண்மையான தார் நிலக்கரியிலிருந்து வடிப்பது. இன்று சாலையில் ஊற்றுவது கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் எஞ்சும் பிட்டுமன் என்னும் பொருள். சென்னை மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையிலும் அது கிடைக்கிறது. ஆயினும் ஊரெல்லாம் தார் என்றே வழங்குவதால் நானும் அவ்வாறே சொல்கிறேன்.

சாந்தின் குணத்தில் நன்மையும் ஒன்று உண்டு. கருங்கல்லும் தாரும் இயல்பில் அவ்வளவு நெருங்கிய உறவினர் அல்லர். இடையே நீர் புகுந்தால் கல் தாரைக் கைவிட்டுவிடும். மழைக்குப் பிறகு சாலையில் ஜல்லி வழுவழுப்பாய்க் கழன்று கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அதற்கு இதுவும் ஒரு காரணம். சுண்ணாம்புத் தன்மையுள்ள பரப்பிலோ தார் நன்றாகப் பிடிக்கும். இதனாலேயே தார்க்கலவையில் நீற்றிய சுண்ணாம்பு சிறிது சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. பழைய சாந்தில் சுண்ணாம்புத் தன்மை உண்டு. எனவே தாரை மிகுதியாகக் குடிக்கும் அதே சாந்து, குடித்த தாரை இறுகப் பற்றவும் செய்யும். ஆனால் சாந்து கல்லைவிட வலுக்குறைந்தது. உருளையின் அடியிலும், கரும்புப் பாரம் ஏற்றிய டிராக்டரின் அடியிலும் அது நொறுங்கினால், தார் பூசாத புதுப்பரப்பு வெளிப்பட்டு, நீருக்கு வழி திறந்துவிடும்.

ஆகவே எவ்வளவு கலக்கலாம் என்பதை வாய்ச்சொல்லால் தீர்மானிக்க முடியாது. சோதித்தே அறிய வேண்டும். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்த புரூஸ் மார்ஷல் என்பார் வகுத்த முறையே நம் நாட்டிலும் கையாளப்படுகிறது. சூடான கலவையைச் சிறிய உருளைக் கட்டியாக வார்த்து, இருபுறமும் 75 முறை எடையை விழச்செய்து இறுக்கி, 60 பாகை வெந்நீரில் ஊறவைத்து, எவ்வளவு பாரத்தில் நசுங்குகிறது என்று பார்ப்பார்கள். நீரில் ஊறிய கட்டியையும் ஊறாத கட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மற்றொரு சோதனையும் உண்டு. ஊறியது ஊறாததன் வலிமையில் 80 விழுக்காடேனும் காட்டினால்தான் அது தேறும். என் மாணவர் சொன்னதும், நான் பின்னர் படித்து அறிந்ததும் ஒத்திருந்தன: ஜல்லியில் கால் பங்கு அளவுக்குக் காங்கிரீட் கல் சேர்த்தால் பெரும்பாலும் தேறிவிடும், பாதிக்கு மேல் போனால் தொல்லை மிகும்.

தொல்லையைக் குறைக்க அறிஞர்கள் வழி தேடியிருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு லா கொருன்யா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், கலவையை இறுக்குவதற்கு முன் நான்கு மணி நேரம் 170 பாகைச் சூட்டில் வைத்திருந்து, தார் துளைகளுக்குள் நன்கு இறங்க விட்டால், அக்கலவை நீரை எதிர்த்து நிற்பதாகக் கண்டனர். ஆய்வுக்கூடத்தில் இது எளிது. எரிபொருள் செலவழித்து, டன் கணக்கான கலவையை நான்கு மணி நேரம் சூடாக வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரை எங்கே தேடுவது?

நம் மதுரையில் செய்த காரியம் எனக்கு இதைவிட நெருக்கமாகத் தோன்றுகிறது. தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், பிளாஸ்டிக் குப்பையைத் துண்டு துண்டாக வெட்டி, சூடேற்றிய ஜல்லியின் மேல் தூவினார். அது உருகிக் கல்லின்மேல் மெல்லிய தோலாகப் படிந்தது. அதன் பிறகே தாரைச் சேர்த்தார். 2002இல் அக்கல்லூரி வளாகத்திலேயே அவ்வாறு ஒரு சாலை போடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிளாஸ்டிக் தோல் கல்லின் நுண்துளைகளை அடைத்து, நீர் உறிஞ்சுவதைக் குறைக்கிறது என்பது அம்முறையின் சிறப்புகளுள் ஒன்று. கருங்கல்லுக்கே அது பயன்படுமானால், துளைகள் நிறைந்த காங்கிரீட் கல்லுக்கு இன்னும் பயன்படாதா? நான் பொறியாளன் அல்லன். கேள்வி கேட்பதோடு நிற்கிறேன். இளைஞர் எவரேனும் சோதித்து விடை காணட்டும்.

எனினும், என் எளிய கருத்து வேறு. தார்க்கலவையில்தான் காங்கிரீட்டைக் கலக்க வேண்டுமென்று நாம் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்? சாலை என்பது கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் பூச்சு மட்டுமன்று. கீழே இறுக்கிய மண். அதன்மேல் சரளையும் ஜல்லியும் கலந்த அடித்தளம். அதன்மேல் ஒப்பந்தக்காரர்கள் வெட்மிக்ஸ் என்று சொல்லும், நீர் சேர்த்து இறுக்கிய ஜல்லித் தளம். இவற்றுக்கு மேலேதான் தார்த்தளங்கள். மொத்தக் கல்லில் பெரும்பங்கு கீழே, எவர் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. அங்கே தாருக்கு வேலையில்லை. வெட்மிக்ஸில் நாமே நீர் சேர்த்துத்தான் இறுக்குகிறோம். கல் சற்று நீரைக் குடித்தால் இன்னும் சிறிது ஊற்றிக்கொள்ளலாம். பழைய காங்கிரீட்டில் நீர் எட்டாமல் ஒளிந்திருக்கும் சிமெண்டுத் துகள், உடைத்தபின் நனைந்து அத்தளத்தைச் சிறிது இறுகச் செய்வதும் உண்டு. அமெரிக்காவில் பழைய காங்கிரீட் மிகுதியாகச் செல்வது சாலையின் இந்த அடித்தளத்துக்கே. நம் இந்தியச் சாலைப் பேரவையும் கட்டட இடிபாட்டைச் சாலையில் பயன்படுத்துவதற்கென்றே 2017இல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது.

தார்த்தளத்துக்குப் புதுக்கல் வேண்டாமா எனில், அதற்கும் நம் காலடியிலேயே ஒன்று கிடக்கிறது. என் பாட்டனார் வீட்டுப் படிகளை விழுங்கிய அந்தப் பழைய தார்த்தளம்தான் அது. 2021இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். சுரண்டும் இயந்திரம் வந்து போனால் தெருவின் மட்டம் உயராது. சுரண்டி எடுத்த ஜல்லியோ ஏற்கெனவே தாரில் குளித்தது. அதற்குத் தாகம் இல்லை. சூடாக்கிப் புதுக்கலவையோடு ஓரளவு சேர்த்தால், கல்லும் மிச்சம், தாரும் மிச்சம். பழைய தார் மேலேயும் பழைய காங்கிரீட் கீழேயும் போகட்டும் என்பதே என் கட்சி. அடித்தளத்தையே தோண்டிப் புதிதாகப் போட வேண்டிய தெருக்களும், மண்பாதையாகவே இருக்கும் சந்துகளும் எங்கள் ஊரைச் சுற்றிலும் எத்தனையோ உள்ளன. அங்கெல்லாம் இது பொருந்தும்.

சட்டமும் இதற்குத் தடையாக இல்லை, துணையாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், காங்கிரீட், மண், இரும்பு, மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் சாந்தும் என இடிபாட்டை வகை பிரித்து வைக்கச் சொல்லின. நகராட்சி, அரசு ஒப்பந்தங்களில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை இத்தகைய கழிவிலிருந்து செய்த பொருள்களை வாங்க வேண்டும் என்றும் அவை கூறின. அதே ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட இந்தியத் தர நிர்ணயம், காங்கிரீட் வேலைக்கே மறுபயன் ஜல்லியை ஓர் அளவுக்கு ஏற்றுக்கொண்டது. 2025இல் மேலும் விரிவான விதிகள் வெளியாகி, 2026 ஏப்ரல் முதல் நாளை அவை நடைமுறைக்கு வரும் நாளாகக் குறித்தன. விதி செய்வதில் நாம் என்றும் பின்தங்கியவர் அல்லர்.

தில்லியில் புராரி என்னுமிடத்தில் 2009இலேயே இடிபாட்டை உடைத்துப் பிரிக்கும் ஆலை அமைந்தது. சென்னை மாநகராட்சியும் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அமைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நகரங்கள் கற்குவியலாகக் கிடந்தபோது, அந்நாட்டவர் அந்த இடிபாட்டையே உடைத்துச் செங்கல்லும் காங்கிரீட்டும் செய்து வீடு கட்டிக்கொண்டார்கள். பயன்படாமல் எஞ்சியதைக் குவித்தே பெர்லினில் டாய்ஃபெல்ஸ்பெர்க் என்னும் குன்று எழுந்தது. நம்மூர் இடிபாட்டைச் சென்னைக்கு ஏற்றிச் செல்வதோ அறிவுடைமையாகாது. வண்டிச் சத்தம் கல்லின் விலையை விழுங்கிவிடும். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ணுருட்டி மூன்றுக்கும் பொதுவாக, சக்கரங்களில் நகரும் ஒரு கல்லுடைக்கும் இயந்திரம் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து, சேர்ந்த குவியலை உடைத்துச் சலித்துவிட்டுப் போகும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்த பின்னர், மாநிலமெங்கும் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். இடித்தது மிகவும் சரி. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது, அவ்வளவு கூரைகளும் எந்தெந்தக் குட்டைக்குப் போயினவோ என்றே என் மனம் எண்ணிற்று.

வகை பிரிப்பதில் ஒரு எச்சரிக்கை அவசியம். கல்நார் ஓடுகளை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை, ஒருபோதும் இவற்றோடு சேர்த்து உடைக்கலாகாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். மரத்துண்டும் பிளாஸ்டிக் குழாயும் கலந்தால் சாலை உள்ளிருந்து இற்றுப்போகும். செங்கல் துண்டு மிகுந்தால் வலிமை குறையும். இடிக்கும்போதே பிரித்து வைத்தால் இரண்டு ஆள் கூலி; கலந்து கொட்டிவிட்டுப் பின்னர் பிரிப்பதற்கோ கூலியும் போதாது, பொறுமையும் போதாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

2023ஆம் ஆண்டுக் கோடையில், ஊரார் சிலரும் பழைய மாணவர்கள் சிலரும் சேர்ந்து, ஊராட்சியின் இசைவோடு அந்தக் குட்டையைத் தோண்டினோம். என் பேச்சைக் கேட்டுக் கொட்டிய இடிபாட்டை, என் பேச்சைக் கேட்டே மறுபடி எடுத்தார்கள். ஒருவரும் அதைச் சுட்டிக்காட்டாதது அவர்களுடைய பெருந்தன்மை. காங்கிரீட்டோடு பதினோராண்டுச் சேறும், செருப்பும், கண்ணாடித் துண்டும், வேலிகாத்தான் வேரும் வந்தன. பிரிப்பதற்கே பன்னிரண்டு நாள் பிடித்தது. உடைப்பதற்கு ஒரு சிறு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தோம். தேறிய கல்லைச் சலித்து, சாலையிலிருந்து பள்ளி வாயில் வரை மண்பாதையாக இருந்த எட்டடிச் சந்தில் அரையடிக் கனத்துக்குப் பரப்பி, நீர் தெளித்து, உருளை ஓட்டினோம். என் மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மட்டப்பலகை வைத்துப் பார்த்து, இரண்டு இடங்களில் மறுபடி தோண்டச் செய்தார். ஆசிரியர் என்று என்னிடம் தயவு காட்டவில்லை. நூறடி நீளம் முடிந்தபோது பணமும் கோடையும் ஒன்றாகத் தீர்ந்தன. மேலே தார் இன்னும் போடவில்லை.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்து, சாத்தனூர் அணையின் நீரும் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணையாறு கரை புரண்டபோது பள்ளிக்குச் சென்று பார்த்தேன். தாழ்ந்த வகுப்பறையில் கணுக்கால் அளவு நீர் வந்திருந்தது; மறுநாள் வடிந்துவிட்டது. பதிவேடுகள் இப்போது மேல்தட்டில் இருக்கின்றன. சந்தின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் கல் சற்று அரித்திருந்தது. பிள்ளைகள் அதன்மேல் மிதிவண்டி ஓட்டிச் சென்றார்கள்.

குட்டையில் ஒரு பாதிதான் மீண்டிருக்கிறது. மறுபாதியில் வேலிகாத்தானுக்குக் கீழே இடிபாடு அப்படியே கிடக்கிறது. சென்ற மாதம் ஒரு கழியும் கயிறும் எடுத்துப் போய் அளந்து பார்த்தேன். இன்னும் மூன்று யூனிட் தேறும்.